பொட்டலில் இரண்டு பையன்கள்: ஒரு நாவலைத் தமிழாக்கிய அனுபவம்

மலேசியாவின் பினாங்கில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக 26 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இலக்கியம் மொழிபெயர்த்த பழக்கம் எனக்கு இருந்ததில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன், தைப்பூசம் முடிந்த வாரத்தில், என் அக்காள் மகன் ஓர் ஆங்கில நாவலைக் கொண்டுவந்து கொடுத்து, “சின்னம்மா, இதை அம்மா படிக்கிற மாதிரி தமிழில் எழுதித் தர முடியுமா?” என்று கேட்டான். அமெரிக்காவின் தென்மேற்கில், நெடுஞ்சாலை ஓரத்தில், நாலைந்து தெருக்களே உள்ள ஒரு பாலைவனச் சிற்றூரில் பதினேழு வயதுப் பையன்கள் இருவர் ஒருவரையொருவர் காதலிக்கும் கதை அது. ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை என்பதால் நாவலின் பெயரையும் ஆசிரியரின் பெயரையும் இங்கே எழுதவில்லை. இத்தகைய நூல் ஒன்றைத் தமிழுக்குக் கொண்டுவர நினைப்பவர்களுக்கு நான் தடுமாறிய இடங்கள் பயன்படக்கூடும்.

அக்கா நிபோங் திபாலில் இருக்கிறாள். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள். ஆங்கிலம் படிக்க வராது. ஆனால் தமிழ் நாளிதழை மரண அறிவிப்புகள் வரை ஒரு வரி விடாமல் படிப்பாள். அவன் ஏன் அம்மாவுக்கென்று கேட்டான் என்று நான் அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. கேட்காமலே எனக்குப் புரிந்தது.

முதல் அத்தியாயத்தைத் தமிழாக்க உட்கார்ந்தபோதே ஒன்று என்னைத் திடுக்கிட வைத்தது. ஆணை ஆண் விரும்புவதைச் சொல்ல என் கைவசம் இருந்த தமிழ், நீதிமன்றத் தமிழ் மட்டுமே. மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 377ஏ பிரிவு ஆண்களுக்கிடையிலான உடலுறவை இயற்கை நியதிக்கு எதிரான செயல் என்கிறது. 377பி அதற்கு 20 ஆண்டுகள் வரை சிறையும் பிரம்படியும் விதிக்க இடம் தருகிறது. குற்றவாளிக் கூண்டில் நின்றவருக்குக் கேட்கும்படி அந்தச் சொற்களைத் தெளிவாக, தயங்காமல் சொல்லுவது என் கடமையாக இருந்தது. நாளிதழ்களில் பழகிய ‘ஓரினச்சேர்க்கை’யும் எனக்கு உதவவில்லை, ஏனென்றால் அதிலுள்ள ‘சேர்க்கை’ படுக்கையை மட்டுமே காட்டுகிறது. நாவலின் பையன்களோ முதல் நூறு பக்கங்களில் ஒரு தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து பேசுவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் வழிகாட்டலையடுத்துத் தமிழ்நாடு அரசு 2022இல் இத்தகைய சொற்களுக்கு ஒரு பட்டியலை அரசிதழில் வெளியிட்டிருக்கிறது. ‘தன்பாலீர்ப்பு’, ‘பால்புதுமையர்’ போன்ற சொற்கள் இன்று அங்கே புழங்குகின்றன. ஈர்ப்பு என்ற சொல் மனத்தைக் காட்டுவதால் அதையே எடுத்துக்கொண்டேன். ஆனால் எடுத்த பிறகுதான் கவனித்தேன்: நாவல் முழுவதிலும் அதற்கு நான்கே இடங்களில்தான் வேலை இருந்தது, நான்கும் பெரியவர்கள் பேசும் இடங்கள். அந்தப் பையன்கள் தங்களுக்கு நேர்வதைப் பெயர் வைத்துப் பேசுவதே இல்லை.

வசைச்சொல்தான் அதைவிடக் கடினமாக இருந்தது. பள்ளி வளாகத்தில் ஒருவன் இவர்களைப் பார்த்து ஒரு சொல்லை எறிகிறான். நம் ஊர்ப் பள்ளிகளில் ‘போண்டான்’ என்பார்கள்; அதைப் போட்டால் அந்தப் பாலைவனம் பட்டர்வொர்த்துக்கு வந்துவிடும், தமிழ்நாட்டு வாசகருக்குப் புரியவும் புரியாது. ‘ஒம்போது’ என்றால் மதுரைத் தெரு ஒன்று கண்முன் வரும். ஒரு வாரம் யோசித்து, இரு கரையிலும் ஒரே அளவில் சுடக்கூடிய ‘பொட்டை’ என்ற சொல்லை எழுதினேன். எழுதும்போது கை கூசியது. மென்மையாக்கி எழுதியிருந்தால் அந்தப் பையன் ஏன் மூன்று நாள் பள்ளிக்குப் போகவில்லை என்பது வாசகருக்கு விளங்காமல் போயிருக்கும்.

அடுத்த சிக்கலை நான் சற்றும் எதிர்பார்க்கவில்லை. ஆணும் பெண்ணும் காதலிக்கும் கதையில் ‘அவன்’, ‘அவள்’ என்ற இரண்டு சொற்களும் வினைமுற்றின் கடைசி எழுத்தும் சேர்ந்து யார் என்ன செய்தார் என்பதைப் பெயர் சொல்லாமலே காட்டிவிடும். இங்கே இருவரும் ‘அவன்’. “அவன் அவன் தோளில் கையை வைத்தான்” என்று எழுதினால் யாருடைய கை, யாருடைய தோள்? பெயரைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்; நெருக்கமான இடங்களில் அது வருகைப் பதிவேடு வாசிப்பதுபோல் இருந்தது. ‘தன்’ ஓரளவுக்குக் கைகொடுத்தது: “தன் சட்டையைக் கழற்றி அவனுக்குக் கொடுத்தான்” என்றால் குழப்பமில்லை. ஆனால் முழு வழியும் திறந்தது, தமிழில் ‘இவன்’ என்றும் ஒரு சொல் இருக்கிறது என்பதை ஒருநாள் இரவு படுக்கையில் நினைத்துக்கொண்டபோதுதான். யாருடைய மனத்துக்குள்ளிருந்து கதை சொல்லப்படுகிறதோ அவன் ‘இவன்’, மற்றவன் ‘அவன்’. “இவன் பேசவில்லை. அவன் தொட்டியின் விளிம்பில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு கீழே ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.” ஆங்கில மூலத்தில் இந்த அண்மையும் சேய்மையும் இல்லை. தமிழில் அது தானாக வந்து உட்கார்ந்தது. நாவலின் நடுவில் கதை மற்றவனின் பார்வைக்கு மாறும்போது ‘அவன்’ ‘இவன்’ ஆகிறான். அதுவரை தொலைவில் நின்றவன் சட்டென்று நமக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறான். அகப்பாடல்களில் காதலர் எவரையும் சுட்டிப் பெயர் சொல்லக்கூடாது என்று தொல்காப்பியம் விதித்திருப்பதைப் பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறேன். அந்த விதி எதற்கென்று அறுபது வயதில்தான் எனக்கு விளங்கியது.

பாலைவனத்தைத் தமிழில் எழுதுவது எளிது என்று முதலில் நினைத்தேன், ஏனென்றால் நமக்குப் பாலைத்திணை இருக்கிறது. கள்ளியும் ஓமையும் செந்நாயும் கானல்நீருமாக முதல் மூன்று அத்தியாயங்களை எழுதிப் படித்துப் பார்த்தபோது, பக்கத்துக்குப் பக்கம் துக்கம் கசிந்தது. பாலைக்கு உரிய பொருள் பிரிவு. சங்கப் பாடல்களின் தலைவன் பொருள் தேடி அந்த வெயிலைக் கடந்து போகிறவன். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரிந்ததுதான் பாலை என்று சிலப்பதிகாரமும் சொல்கிறது. இந்தப் பையன்களுக்கோ அது கெட்டுப்போன நிலம் அல்ல, பிறந்து வளர்ந்த ஊர். அவர்கள் மகிழ்ச்சியாக இருந்ததெல்லாம் அங்கேதான். ஆகவே மூன்று அத்தியாயங்களையும் மறுபடி எழுதினேன். ‘பொட்டல்’, ‘முள்ளுக்காடு’, ‘காய்ந்த ஓடை’ என்று ஊர்ச்சனங்கள் பேசும் சொற்களைப் போட்டேன். ‘பாலை’ என்ற சொல்லை, ஒருவன் வேலைக்காக ஊரைவிட்டுப் பேருந்தில் ஏறிப் போகும் அந்த ஓர் அத்தியாயத்துக்கென்று எடுத்து வைத்தேன். இந்த முழு வேலையிலும் நான் செய்த மிகச் சரியான காரியம் இதுதான் என்று இன்றும் நம்புகிறேன்.

செடிகொடிகளில் சிலவற்றுக்கு நல்ல தமிழ் இருந்தது. சப்பாத்திக்கள்ளியும் ஆனைக்கற்றாழையும் அமெரிக்காவிலிருந்து வந்து தமிழ்ப்பெயர் பெற்றவை. மெஸ்கீட் என்று அங்கே சொல்லும் முள்மரமும் தமிழ்நாட்டின் சீமைக்கருவேலமும் ஒரே குடும்பம். அக்காவுக்கு அந்த மரம் தெரியாது. 1978இல் ராமநாதபுரம் பக்கம் சொந்த ஊருக்குப் போய்வந்த அப்பா, காலில் முள் ஏறிய கதையைப் பலமுறை சொன்னதை நினைவுபடுத்தியதும், “அந்த முள்ளா” என்றாள். ஆனால் கிரியோசோட் என்னும் புதருக்குத் தமிழில் பெயரே இல்லை. ஆண்டுக்கு 250 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்யாத அந்த நிலத்தில், மழை வருவதற்கு முன்பே இந்தப் புதரின் பிசின் படிந்த இலைகளிலிருந்து ஒரு வாடை எழும். அதுதான் அவர்களுக்கு மழையின் வாசம். நாவலில் இவன் அவனுடைய சட்டையில் அந்த வாடையை முகர்கிறான். ‘மண்வாசனை’ என்று எழுதினால் பொய். அது மண்ணிலிருந்து வருவதில்லை. 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் பினாங்கில் இருந்துகொண்டு, மழைக்காக ஏங்கும் வாடையை எப்படி எழுதுவது?

அக்காவுக்கு நான் ஞாயிற்றுக்கிழமைகளில் வாசித்துக் காட்டுவது வழக்கமாகியிருந்தது. பெர்ரி ஏறி, பட்டர்வொர்த்திலிருந்து ரயிலில் போவேன். அன்று அந்த இடம் வந்ததும் வாசிப்பதை நிறுத்திவிட்டு, இது எனக்கு வரவில்லை என்றேன். தாரும் கசக்கிய இலையும் கலந்த மாதிரி ஒரு வாடை, மரக்கட்டைக்குப் பூசும் கிரியோசோட் எண்ணெயின் வாடை இருப்பதால்தான் செடிக்கும் அந்தப் பெயர் வந்தது என்று விளக்கினேன். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தி, “சிலிப்பர் கட்டை வாடை” என்றாள். தண்டவாளத்துக்கு அடியில் கிடத்தும் மரக்கட்டையைச் சொல்கிறாள். அத்தான் 30 ஆண்டுகள் ரயில் பாதையில் வேலை செய்தவர். “மழைத் தூறல் போட்டா சட்டையில் அது தூக்கலா வரும். எத்தனை தடவை துவைச்சாலும் போகாது. அவர் போன பிறகு ஒரு சட்டையைத் துவைக்காமலே வெச்சிருந்தேன்.” நான் அந்த வரியை அவள் சொன்னபடியே எழுதினேன்: மழைத் தூறலில் நனைந்த சிலிப்பர் கட்டையின் வாடை. பிறகு அவள், “அந்தப் பையன் சட்டையைத் திருப்பிக் கொடுத்தானா?” என்று கேட்டாள். இல்லை, வைத்துக்கொண்டான் என்றேன். தலையசைத்துவிட்டு உரிக்கத் தொடங்கினாள்.

ஒன்பதாம் அத்தியாயத்தில் இருவரும் முத்தமிட்டுக்கொள்கிறார்கள். அதை நான் வாசித்துக் காட்டவில்லை. தாள்களை அவளிடம் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்று வாரம் அவள் தொலைபேசியை எடுக்கவில்லை. அந்த மூன்று வாரமும் நான் பட்ட பயத்தை எழுத்தில் சொல்ல முடியாது. மகனுக்கும் தாய்க்கும் இடையில் நான் ஒரு தவறான வழியை வெட்டிவிட்டேனோ என்று இரவெல்லாம் விழித்துக்கிடந்தேன். நான்காவது வாரம் அவளே கூப்பிட்டு, “மிச்சத்தைக் கொண்டா” என்றாள். அவர்கள் இருவருக்குள்ளும் அதற்கிடையில் என்ன பேச்சு நடந்தது என்பது அவர்களுடையது.

இனி, நடைமுறை. மொழிபெயர்ப்பு உரிமை கேட்டு மூலப் பதிப்பகத்தின் உரிமைப் பிரிவுக்கு எழுதினேன். தனிநபருக்குத் தரமாட்டோம், ஒரு பதிப்பகம் விண்ணப்பிக்க வேண்டும், எத்தனை பிரதி, என்ன விலை, எந்தெந்த நாடுகளில் விற்பனை என்று தெரிவிக்க வேண்டும் என்று பதில் வந்தது. இதை மொழிபெயர்ப்பைத் தொடங்கும் முன்பே செய்திருக்க வேண்டும். உரிமை கிடைக்காமல் போயிருந்தால் இரண்டு ஆண்டு உழைப்பு பெட்டிக்குள் முடிந்திருக்கும்.

முதலில் இங்கேயே அச்சிடத்தான் விரும்பினேன். கோலாலம்பூரில் தமிழ் நூல்கள் அச்சிடும் ஒருவரைப் பார்த்தேன். கையெழுத்துப்படியை ஒரு வாரம் வைத்திருந்து படித்துவிட்டு, என்னை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்து, “அக்கா, நல்லா இருக்கு. ஆனா என் பேரை இதில் போட முடியாது” என்றார். 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள் மற்றும் வெளியீடுகள் சட்டப்படி அச்சிட்டவரின் பெயரும் முகவரியும் ஒவ்வொரு நூலிலும் இருந்தாக வேண்டும். அச்சகம் நடத்தவும் உரிமம் வேண்டும். நூலைத் தடைசெய்யும் அதிகாரம் உள்துறை அமைச்சருக்கு உண்டு. கோயில் அழைப்பிதழும் பள்ளிப் புத்தகமும் அச்சிட்டு ஆறு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவர் அந்த உரிமத்தைப் பணயம் வைக்க மாட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் இந்தக் கதையைத் தமிழில் எழுதிய நாட்டிலேயே இதை அச்சிட முடியவில்லை என்பது இன்னும் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது.

இந்தியாவில் இதே பிரிட்டிஷ் காலத்து 377ஆம் பிரிவு, வயதுவந்தோர் சம்மதத்துடன் கூடிய உறவைப் பொறுத்தவரை, 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் செல்லாததாயிற்று. சென்னையில் ஒரு சிறு பதிப்பகம் 300 பிரதிகளுக்கு ஒப்புக்கொண்டது. அவர்கள் இந்தியாவுக்கு மட்டும் உரிமை கேட்கவிருந்ததை நான் வற்புறுத்தி உலகத் தமிழ் உரிமை என்று மாற்றச் செய்தேன். இல்லாவிட்டால் இங்குள்ள ஒருவருக்கு முறைப்படி ஒரு பிரதியை விற்கக்கூட முடியாது. ஒப்பந்த வரைவு சென்ற மாதம் வந்தது. பக்க அமைப்பின் மாதிரியையும் அனுப்பியிருந்தார்கள். அதை அச்செடுத்துக்கொண்டு நிபோங் திபால் போனேன்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கம் படித்தாள். பிறகு தாளை என்னிடம் திருப்பித் தந்து, “எழுத்தைக் கொஞ்சம் பெரிசா போடச் சொல்லு. கோயிலுக்கு வர்ற பொம்பளைங்க ரெண்டு மூணு பேருக்குக் கொடுக்கணும். எல்லாருக்கும் என் வயசுதான்” என்றாள். அன்றிரவே சென்னைக்கு எழுதினேன். எழுத்தின் அளவைக் கூட்டினால் 24 பக்கம் அதிகமாகும், விலையும் சற்று ஏறும் என்றார்கள். ஏறட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.