கணபுரத்துக் கருமணி

என் மகளுக்கு நிறமும் முடியும் அவள் அப்பாயி வழி வந்தவை. நல்ல கறுப்பு, சீப்புக்கு அடங்காத சுருட்டை. பள்ளியில் யாரோ கேலி செய்ததிலிருந்து, தினமும் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு முடியைப் படிய வைக்கப் பார்ப்பாள். அதைக் கவனித்த அப்பாயி, அதாவது என் மாமியார், "திருக்கண்ணபுரத்துக்குப் போயிட்டு வருவோம்" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

நாகப்பட்டினம் மாவட்டத்தில், அப்பர் முக்தி அடைந்த திருப்புகலூருக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஆழ்வார்கள் பாடிய இந்தத் திவ்ய தேசம். கோபுரத்துக்கு எதிரே நித்திய புஷ்கரணி. கால் நனைத்துவிட்டு உள்ளே போனோம்.

மூலவர் நீலமேகப் பெருமாள், ஏவத் தயாரான நிலையில் உள்ள பிரயோகச் சக்கரம் ஏந்தி நின்ற திருக்கோலத்தில் இருக்கிறார். பட்டர் தீபத்தை முகத்தருகே கொண்டுபோனார். அந்தக் கருமை மேல் சுடர் பட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் எட்டி எட்டிப் பார்த்தாள். "பெருமாள் நம்ம கலரு" என்று அப்பாயியிடம் சொன்னாள்.

உற்சவர் சௌரிராஜப் பெருமாள். அவர் கதையை மண்டபத்தில் உட்கார்ந்து அப்பாயிதான் சொன்னார். அரசனுக்குக் கொடுத்த மாலையில் ஒரு முடி இருந்ததாம். பயந்துபோன அர்ச்சகர், "அது பெருமாளுடைய முடி" என்று சொல்லிவிட்டாராம். அரசன் சோதிக்க வந்தபோது, அடியவரைக் காப்பாற்றப் பெருமாள் நிஜமாகவே திருமுடியோடு நின்றாராம்.

"நேர் முடியா, சுருட்டையா அப்பாயி?"

"சுருட்டைதான்டி. பின்ன?"

இத்தனை உறுதியாக யார் பதில் சொன்னாலும் பிள்ளை நம்பத்தான் செய்யும். எனக்கும் நம்பத்தான் தோன்றியது.

அப்புறம் குலசேகர ஆழ்வாரைப் பற்றிச் சொன்னார். சேர நாட்டு அரசர். இந்தப் பெருமாளை இராமனாகவே கண்டு, மடியில் போட்டுக்கொண்டதுபோல் தாலாட்டுப் பாடியவர். பல பாட்டுகளில் 'கணபுரத்தென் கருமணியே' என்று கூப்பிட்டு, 'இராகவனே தாலேலோ' என்று முடிப்பார். அப்பாயி இரண்டு பாசுரங்களை மெதுவாகப் பாடினார். என் கணவர் தொட்டிலில் கிடந்தபோதும் இதைத்தான் பாடினாராம். அப்பாயிக்கு அவர் அம்மா பாடியதாம். அந்தக் கொள்ளுப்பாட்டிக்கும் இதே நிறம், இதே முடி என்று கேட்டதும் மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அவங்களுக்கு யாரு குடுத்தா? அதுக்கும் முன்னாடி?" என்று விடாமல் கேட்டாள். அப்பாயி தெரிந்த வரைக்கும் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே போனார். எது அழகென்று கண்ணாடியும் விளம்பரமும் சொல்வதற்கு முன்னாலேயே, கறுப்பைக் கொஞ்சிப் பாடியவர்கள் நம் ஆழ்வார்கள். இதைப் பிள்ளைகளுக்கு வீட்டில்தான் சொல்ல வேண்டும்.

அர்த்தஜாமத்தில் நிவேதனமாகும் முனையதரையன் பொங்கலுக்காகக் காத்திருந்து வாங்கிக்கொண்டு கிளம்பினோம். வண்டியில் பாதித் தூக்கத்திலும் 'கருமணியே, கருமணியே' என்று முனகிக்கொண்டு வந்தாள்.

அமாவாசைப் புறப்பாட்டில்தான் பெருமாளின் திருமுடியைச் சேவிக்க முடியும் என்று அப்பாயி சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் காலண்டரில் அடுத்த அமாவாசையைச் சுற்றி வட்டம் போட்டு வைத்துவிட்டாள். அன்றைக்கு முடியை விரித்துவிட்டுத்தான் வருவாளாம்.