ஹீட்டர் எத்தனை லிட்டர்ங்கிறது கடைசிக் கேள்வி

போன வாரம் சித்தப்பா மகன் புளியரைல இருந்து போன் பண்ணினான். வீடு கட்டிட்டு இருக்கான், லிண்டல் முடிஞ்சு கான்கிரீட்டும் போட்டாச்சு, அடுத்து பூச்சு வேலைதான். "அண்ணே, கீசர் 15 லிட்டர் போதுமா 25 வாங்கணுமா"ன்னு கேட்டான். நான் திருப்பி, பாத்ரூம் வீட்டுல எந்த மூலைல இருக்கு, மேல டேங்க் எந்த மூலைல வருது, நடுவுல எத்தனை அடின்னு கேட்டேன். "அதெல்லாம் பிளம்பர் பாத்துக்கிடுவாருண்ணே"ன்னான். சரி, அவனுக்குன்னு வாட்ஸ்அப்ல அடிக்க ஆரம்பிச்சது நீளமாப் போயிட்டதால இங்கயே போட்டுடறேன், வேற யாருக்காவதும் உதவும்.

நான் பிளம்பர் இல்ல. செங்கோட்டைல எங்க தாத்தா வீட்டை ரெண்டு வருஷம் உக்காந்து புதுப்பிச்சவன், அவ்வளவுதான். வீட்டுப் பத்திரமே மலையாளத்துல இருக்குற வீடு, 1956க்கு முன்னாடி இந்த ஊரு திருவிதாங்கூர்ல இருந்தப்ப வாங்கினது. அந்தக் காலத்துல சுடுதண்ணின்னா பின்கட்டுல ஆச்சியோட செம்பு பாய்லர்தான், பாளை மட்டையும் சிரட்டையும் போட்டு விடிகாலம் 5 மணிக்கே புகைய ஆரம்பிச்சிரும். பைப்பே கிடையாது, வாளில பிடிச்சு தூக்கிட்டுப் போகணும். அதனால அந்த பாய்லர்ல ஒரு பிரச்சனையும் வரல. பைப்னு ஒண்ணு வந்த பிறகுதான் எல்லாத் தொல்லையும்.

அப்பா காலத்துல போட்ட ஜிஐ பைப்பை, அதான் துத்தநாகம் பூசின இரும்புப் பைப்பை, சுவத்துல இருந்து பிடுங்கினப்ப ஒரு துண்டை அறுத்துப் பாத்தேன், அரை இஞ்ச் பைப்பு, உள்ள பூராவும் செம்மண் நிறத்துல துரு முடிச்சு முடிச்சா கட்டிப் போயி நடுவுல ஒரு ஓட்டை மட்டும் பாக்கி, எம்மகன் பென்சிலை விட்டுப் பாத்தான், போகல. பதினஞ்சு வருஷமா "முனிசிபாலிட்டி தண்ணில ஃபோர்ஸே இல்ல"ன்னு திட்டிட்டு இருந்தோம், பாவம். பழைய வீட்டை புதுப்பிக்கிறவங்க யாராவது "இந்த லைன் நல்லாத்தானே இருக்கு, இதுல இருந்தே ஒரு டீ ஜாயிண்ட் போட்டு கிளை இழுத்துக்கலாம்"னு சொன்னா ஒரு அடி அறுத்துப் பாத்துட்டு பேசுங்க.

இப்ப தூரக் கணக்குக்கு வாரேன். முக்கால் இஞ்ச் சிபிவிசி (சூடு தாங்குற பிளாஸ்டிக்) பைப்புல ஒரு மீட்டருக்கு கால் லிட்டர் தண்ணி நிக்கும். ஹீட்டர்ல இருந்து குழாய் வரைக்கும் 40 அடி, அதாவது 12 மீட்டர்னா 3 லிட்டர். காலைல குழாயைத் திறந்ததும் முதல்ல வர்றது அந்த 3 லிட்டர் பச்சத்தண்ணி, அது போனாத்தான் சுடுதண்ணி எட்டிப் பாக்கும், குளிச்சு முடிச்சு மூடினதும் இன்னொரு 3 லிட்டர் சுடுதண்ணி பைப்புக்குள்ளயே நின்னு ஆறிப் போகும், அதை சூடாக்கின கரண்ட்டுக்கு காசு நீங்கதான் கட்டணும். ஃபோர்ஸ் வேணும்னு ஒரு இஞ்ச் பைப்பா போட்டா அதே தூரத்துல 5 லிட்டர். அதனால ஹீட்டரை குளிக்கிற இடத்துக்கு பக்கத்துல வைங்க, ரெண்டு பாத்ரூமையும் முதுகோட முதுகா ஒரே சுவத்துக்கு ரெண்டு பக்கமும் வர்ற மாதிரி பிளான்லயே மாத்திக்கிட்டா இன்னும் நல்லது. செலவே இல்லாத மாத்தம் அது, பேப்பர்ல இருக்குற வரைக்கும்.

அவன் கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லிடறேன். 2 கிலோவாட் ஹீட்டர்ல 15 லிட்டர் தண்ணி 25 டிகிரில இருந்து 60க்கு ஏற சுமார் 18 நிமிஷம், 25 லிட்டர்னா அரை மணி. ரெண்டு பேர் வாளில பிடிச்சு குளிக்க 15 தாராளம். ஷவர்ல நின்னு பாட்டுப் பாடுற ஆள் இருந்தா 25. கரண்ட் 9 ஆம்பியர் பக்கம் இழுக்கும், தனி எம்சிபி (லோடு கூடினா விழுற சுவிட்ச்), 16 ஆம்பியர் சாக்கெட், 4 ஸ்கொயர் எம்எம் ஒயர், ஒழுங்கான எர்த், மெயின்ல 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே கட் பண்றது). இதுல எதையும் விட்டுக் கொடுக்காதீங்க, ஈரக் காலோட நிக்கிற இடம்.

ஹீட்டருக்கு கீழ ஒரு பித்தளை வால்வு குடுப்பான், அதுல இருந்து சொட்டுச் சொட்டா வடியுதுன்னு எங்க மதினி ஒரு நாள் துணியைச் சுத்தி கட்டி வச்சிருந்தாங்க. அது லீக் இல்ல. தண்ணி சூடானா பெருக்கும், 15 லிட்டர் 60 டிகிரிக்கு போச்சுன்னா கிட்டத்தட்ட ஒரு டம்ளர் அதிகமாகுது, அது போக வழி வேணும்ல, அதான் வடியுது. அதை அடைச்சா ஹீட்டர் வெடிகுண்டு. ஒரு சின்ன ட்யூபை மாட்டி கீழ இறக்கி விட்ருங்க.

அடுத்து சோலார். இங்கதான் நான் நல்லா மாட்டினேன்.

எங்க ஊர்ல ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரைக்கும் சாரல், ஆரியங்காவு கணவாய் வழியா காத்தும் மேகமும் சேர்ந்து வரும், வெயிலை நம்ப முடியாது. மத்தபடி வெயில் அடிக்கிற மாசமெல்லாம் சோலார் தங்கம். சரின்னு உள்ள கரண்ட் எலிமெண்ட் வச்ச 200 லிட்டர் ட்யூப் மாடல் போட்டேன். ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு தெரியும்கிறதால ஸ்டாண்டை கான்கிரீட்ல போல்ட் போட்டு இறுக்கச் சொன்னேன். அதுவரைக்கும் நான் புத்திசாலி. மறுநாள் காலைல எழுந்திரிச்சுப் பாத்தா மொட்டைமாடி பூரா ஈரம், மழை இல்ல, கை வச்சா வெதுவெதுன்னு இருக்கு. சோலார் டேங்க் மேல காத்து போக வர நிக்கிற வென்ட் பைப்புல இருந்து ராத்திரி முழுக்க சுடுதண்ணி வழிஞ்சிருக்கு. பச்சத்தண்ணி டேங்க்ல பாத்தா மேல ஒன்றரை அடி காலி.

விஷயம் ரொம்ப சிம்பிள், ஆனா போட்டவரும் கவனிக்கல நானும் கவனிக்கல. பச்சத்தண்ணி டேங்க் சோலார் டேங்க்கை விட உசரத்துல இருக்கணும், இல்லன்னா அதுக்குள்ள தண்ணி ஏறாது. அப்படி ஏத்தி வச்சா, பச்சத்தண்ணி மட்டம் எந்த உசரமோ அதே உசரத்துக்கு வென்ட் பைப்புலயும் தண்ணி ஏறி நிக்கும். வென்ட் அதை விட குட்டையா இருந்தா வழியும், மட்டம் சமமாகுற வரைக்கும் வழிஞ்சுகிட்டே இருக்கும். டேங்க் ஃபுல்லானா எந்த மட்டமோ அதுக்கு மேல ஒரு அடியாவது வென்ட் நிக்கணும். சரின்னு ரெண்டரை அடி பைப் கூட ஒட்டினோம், நின்னுது. அந்த வென்ட்டை அடைச்சிரலாம்னு ஒருத்தர் யோசனை சொன்னாரு, தயவுசெஞ்சு அதைச் செய்யாதீங்க, தண்ணி இறங்கும்போது காத்து உள்ள போக வழி இல்லாம டேங்க் ஒடுங்கிரும்.

நின்னுதுன்னு சொன்னேன்ல. பத்து நாள் கழிச்சு மறுபடியும் வழியுது! தினமும் இல்ல, சில நாள் மட்டும். ஒரு வாரம் மாடிக்கும் கீழயுமா ஏறி இறங்கினேன். புனலூர்ல வேலை பாக்குற ஒரு பிளம்பர் சேட்டன், சொந்த ஊரு நம்ம கோட்டைவாசல் பக்கம், மலையாளம் பாதி தமிழ் பாதி பேசுவாரு, அவரு வந்து மாடிக்கே போகல. நேரா பாத்ரூமுக்கு போனாரு, ஹேண்ட் ஷவரை எடுத்துப் பாத்தாரு, "வீட்டுல யாரு இதோட பட்டனை மட்டும் அமுக்கி நிறுத்துறது"ன்னு கேட்டாரு. எம்மகன்தான். குளிச்சுட்டு மிக்ஸர்ல (சுடுதண்ணியும் பச்சத்தண்ணியும் கலந்து விடுற குழாய்) ஹாட், கோல்ட் ரெண்டு கைப்பிடியையும் திறந்தபடியே விட்டுட்டு ஷவர் தலைல உள்ள பட்டனை மட்டும் அடைச்சுட்டு வந்துருவான். எங்க வீட்டுல பச்சத்தண்ணி லைனுக்கு பிரஷர் பம்ப் இருக்கு, சுடுதண்ணி சும்மா டேங்க் உசரத்துல இருந்து இறங்குறது. வெளிய போக வழி இல்லாத பச்சத்தண்ணி மிக்ஸருக்குள்ளயே ஹாட் லைன்ல புகுந்து, எதிர்த்துப் போயி சோலார் டேங்க்ல ஏறி, வென்ட் வழியா மாடில கொட்டியிருக்கு. சேட்டன் ஹாட் லைன்ல ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போட்டாரு, தண்ணியை ஒரு பக்கம் மட்டும்தான் விடும். கூலி 300 ரூபா வாங்கினாரு. முழு தீர்வு அது இல்ல, ரெண்டு லைனும் ஒரே பிரஷர்ல இருந்தாத்தான் மிக்ஸர் மிக்ஸரா வேலை செய்யும், இல்லன்னா ஒரு பக்கம் அமுக்கிரும், திடீர்னு பச்சத்தண்ணி திடீர்னு கொதி. அதுக்காக சாதாரண சோலார்ல பம்ப்பை மாட்டிராதீங்க, அந்த டேங்க் பிரஷர் தாங்காது, வீங்கிரும். பம்ப் வேணும்னா பிரஷர் தாங்குற மாடலான்னு கேட்டு வாங்குங்க, இல்ல ரெண்டையுமே பம்ப் இல்லாம விடுங்க.

பம்ப் எதுக்குன்னா ரெயின் ஷவருக்கு. தண்ணி மட்டம் 10 மீட்டர் உசரத்துல இருந்தா 1 பார் பிரஷர். நம்ம ஒத்த மாடி வீட்டுல ஷவருக்கு மேல டேங்க் 2, 3 மீட்டர்தான், அதாவது 0.3 பார் கூட கஷ்டம். ஷோரூம்ல அவன் பம்ப் போட்டு கொட்டிக் காமிக்கிற சாப்பாட்டுத் தட்டு சைஸ் ஷவரை வாங்கிட்டு வந்து மாட்டினா மாடு மூத்திரம் பெய்ற மாதிரி நடுவுல ஒரே தாரையா விழும். நாங்க மாட்டினோம்.

பைப் விஷயம் சுருக்கமா. சுடுதண்ணிக்கு சிபிவிசிதான், வெள்ளை யுபிவிசி (பச்சத்தண்ணிக்குப் போடுற பிளாஸ்டிக் பைப்) வேண்டாம், 60 டிகிரி பக்கம் போனாலே அதோட பலம் நாலுல ஒரு பங்குக்கும் கீழ போயிரும். ஜாயிண்டை ஒட்டுறதுக்கு சிபிவிசிக்குன்னே உள்ள சொல்யூஷனையே வாங்குங்க, கடைல இருக்குறதை குடுக்கட்டும்னு விடாதீங்க. இன்னொண்ணு, 10 மீட்டர் நேர் பைப் 40 டிகிரி சூடேறினா 25 மில்லிமீட்டர் நீளும், ஒரு இஞ்ச். மாடில நேரா இழுத்து ரெண்டு பக்கமும் கிளாம்ப்ல இறுக்கிட்டா அது வளைஞ்சு எல்போகிட்ட (பைப் திரும்புற ஜாயிண்ட்) விரிசல் விடும், நடுவுல ஒரு யூ வளைவு குடுக்கச் சொல்லுங்க, பிளம்பர் சலிச்சுக்குவாரு, பரவாயில்ல. மேல ஃபோம் உறையும் போடுங்க.

கேஸ் கீசர் சீப்னு சொல்றாங்க. பாத்ரூமுக்குள்ள வைக்கவே கூடாது. கதவைச் சாத்திக் குளிக்கும்போது கார்பன் மோனாக்சைடு சேரும், வாசனையே இருக்காது, மயங்கி விழுந்து செத்துப் போறாங்க. வெளிச்சுவத்துல, காத்தோட்டத்துல வச்சு பைப் மட்டும் உள்ள வரட்டும். இதுல எனக்கு சமாதானமே கிடையாது.

கடைசியா டெஸ்ட். தம்பி, இதுக்குத்தான் உனக்கு இவ்வளவும் எழுதினேன். சுவத்துல பைப்பை ஒட்டியாச்சு, எல்லா வாய்க்கும் டம்மி மூடி போட்டாச்சுன்னா கொத்தனாரை உடனே உள்ள விடாத. சொல்யூஷன் காய ஒரு நாள் விட்டு, தண்ணி நிரப்பி, காத்தை வெளியேத்தி, கை பம்ப் வச்சு 7, 8 கிலோ பிரஷர் ஏத்தி மீட்டர் முள் எங்க நிக்குதுன்னு கோடு போட்டு ராத்திரி முழுக்க விடு. எங்க வீட்டுல காலைல முள் 3ல நின்னுது. ஒவ்வொரு ஜாயிண்டையும் காஞ்ச துணியால துடைச்சுப் பாத்தோம், சமையல்கட்டு சிங்க்குக்கு கீழ ஒரு எல்போ, சொல்யூஷனே தடவாம சும்மா சொருகி வச்சிருக்காங்க. சொருகின இறுக்கத்துலயே தண்ணி நின்னிருக்கு, கண்ணுக்கு தெரியல. பூசி டைல் ஒட்டினதுக்கு அப்புறம் தெரிஞ்சிருந்தா கிரானைட்டோட சேத்து உடைச்சிருக்கணும். டெஸ்ட் முடிஞ்சதும் சுவர் சுவரா டேப்பைப் பிடிச்சு, தரைல இருந்து எத்தனை, மூலைல இருந்து எத்தனைன்னு தெரியுற மாதிரி போட்டோ எடுத்து வச்சுக்க. எங்கிட்ட அது இல்ல, அதனால கண்ணாடி மாட்ட வந்த பையன் முதல் ஓட்டையே ஹாட் லைன்ல போட்டான்.

கை பம்ப் நம்ம சேட்டன்கிட்ட இருக்கு. ஞாயித்துக்கிழமை தென்மலை பஸ்ல வர்றப்ப செக்போஸ்ட்ல இறங்குறேன்னு சொல்லிருக்காரு, நானும் 9 மணிக்கு வந்துருவேன். மாடில டேங்க்ல தண்ணி நிரப்பி வை.