உம்மம்மா மனையில் ஆறு வீடுகள்

கீழக்கரையில் ஊருக்கு நடுவே எங்கள் உம்மம்மா (உம்மாவின் தாயார்) வாழ்ந்த மனையில் ஆறு வீடுகள் கொண்ட அடுக்ககம் கட்ட, போன வாரம்தான் அனுமதி கிடைத்தது. மொத்தம் பதினான்கு மாதம். அதில் ஐந்து மாதத்தை ஒரே ஓர் எழுத்து தின்றுவிட்டது. பழைய தெருவில் பழைய வீட்டை எடுத்துக் கட்ட நினைப்பவர்கள் யாராவது இதைப் படித்து, அந்த ஐந்து மாதத்தையாவது மிச்சப்படுத்திக்கொள்ளட்டும்.

எங்கள் ஊர்ப் பழைய குடும்பங்களில் வீடு பெண் பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். இந்த வீட்டை உம்மம்மா தன் இரண்டு பெண்களுக்கும், அதாவது என் உம்மாவுக்கும் சாச்சிக்கும், வாயால் சொல்லி ஹிபாவாக, அதாவது தானமாகக் கொடுத்திருந்தார். முஸ்லிம் சட்டப்படி அது செல்லும். கொடுப்பவர் அறிவித்து, பெறுபவர் ஏற்று, சொத்து கைமாறியிருந்தால் போதும், பத்திரம் கட்டாயம் இல்லை. ஆனால் நகர நில அளவைப் பதிவேட்டில் இன்னும் உம்மம்மா பெயர்தான் இருந்தது. வரைபடத்துக்கு அனுமதி கேட்பவர் பெயரில் பட்டா இல்லையென்றால் விண்ணப்பம் முதல் படியையே தாண்டாது.

பட்டா மாற்ற வாரிசுச் சான்று வேண்டும். வாரிசுச் சான்றுக்கு இறப்புச் சான்று வேண்டும். உம்மம்மா மவுத்தானது 1979-இல். யாரும் பதிவு செய்யவில்லை. ஓராண்டு கடந்த இறப்பைப் பதிவு செய்ய, பதிவு இல்லை என்ற சான்றை முதலில் வாங்கி, அதன் பிறகு கோட்டாட்சியரின் உத்தரவைப் பெற வேண்டும். ஆதாரமாக எங்களிடம் இருந்தது ஜமாஅத்தின் அடக்கப் பதிவேடு மட்டும்தான். மங்கிய நீல மையில் ஒரே ஒரு வரி. அந்த வரியில் உம்மம்மாவின் பெயர் 'பீவி' என்று முடிந்தது. நில ஆவணத்தில் 'பீபி' என்று இருந்தது.

ஓர் அலுவலகத்தில் எழுத்தர் ஒருவர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "பாய், இவர் வேறு, அவர் வேறு" என்றார். "சார், இரண்டும் ஒரே சொல்தான், அந்தக் காலத்தில் எழுதியவர் கைக்கு வந்தபடி எழுதியிருக்கிறார்" என்றேன். வியாழக்கிழமை வரச் சொன்னார். வியாழக்கிழமை பஸ் பிடித்துப் போனால், முகாமுக்குப் போயிருக்கிறார் என்றார்கள். அடுத்த முறை, இருவரும் ஒருவரே என்ற சான்று கேட்டார். அதை வாங்கிக் கொடுத்தால், கொழும்பில் இருக்கும் மாமாவின் ஒப்புதல் எங்கே என்றார். இரண்டையும் முதல் நாளிலேயே சொல்லியிருந்தால் ஒரே நடையில் முடிந்திருக்கும். உம்மா ஒவ்வொரு முறையும் நான் வாசல் ஏறும்போதே முகத்தைப் பார்த்துவிடுவார், எதுவும் கேட்கமாட்டார். அதுதான் எனக்கு அதிக வலி.

ஒன்பதாவது நடையில் நான் செய்ததை நீங்கள் முதல் நடையிலேயே செய்யுங்கள். என்னென்ன குறைகள் என்று முழுவதையும் எழுத்தில் தரும்படி மனு எழுதி, பெற்றதற்கு ஒப்புகைச் சீட்டு வாங்கினேன். எழுத்தில் கேட்டவுடன் பட்டியல் ஒரே தாளில் வந்தது. அதன் பிறகு ஆறு வாரத்தில் பட்டா உம்மா, சாச்சி பெயர்களுக்கு மாறியது. மாமா தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க விமானம் ஏறி வந்தார், இரண்டு நாள் தங்கினார், ஒரு கேள்வி கேட்கவில்லை.

இனி வரைபடம். இங்கே தவறு எங்களுடையது. பழைய பத்திரத்தில் முகப்பு 62 அடி என்று இருந்ததை நம்பி முழுவதையும் வரைந்துவிட்டோம். சர்வேயர் வந்து அளந்தபோது 59½ அடிதான் இருந்தது. இரண்டரை அடி போனவுடன் பொறியாளர் முதலில் கைவைத்தது முற்றத்தில். நடுவில் பன்னிரண்டு அடிக்குப் பதினான்கு அடியாக இருந்த முற்றம், அடுத்த வரைபடத்தில் குளியலறைக் குழாய்கள் இறங்கும் ஓ.டி.எஸ். பொந்தாகிவிட்டது, அதாவது வானம் பார்த்த குறுகிய திறப்பு. முகப்பில் மட்டும் நான்கு வளைவு, உச்சியில் ஒரு டூம், அதாவது குவிமாடம். "நீங்கள்தானே ஊர் வரலாறு தெரிய வேண்டும் என்றீர்கள்?" என்று கேட்டார்.

அவரை அழைத்துக்கொண்டு நடுத்தெரு ஜும்மா பள்ளிக்குப் போனேன். வள்ளல் சீதக்காதி அடங்கியிருக்கும் பள்ளி, 17-ஆம் நூற்றாண்டுக் கல் வேலை. தட்டையான கல் கூரை, வரிசையாகக் கல் தூண்கள், தூண் தலையில் உத்தரத்தைத் தாங்கும் போதிகை. கோயில் மண்டபம் கட்டிய அதே தச்சு மரபு, உருவம் மட்டும் இல்லை. டூமைத் தேடி நிமிர்ந்து பார்த்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு எங்கள் தெருவுக்குள் நடந்தோம். திண்ணை, நடை, முற்றம், பின்கட்டு, பின்கட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் முடுக்கு. பெண்கள் தெருவில் இறங்காமலே நாலைந்து வீடு போய்வந்த வழி அது. இந்த ஊரின் வரலாறு தளவமைப்பில்தான் இருக்கிறது, எலிவேஷன் என்னும் முகப்புத் தோற்றத்தில் இல்லை என்று அவருக்குச் சொல்ல வேண்டியதே வரவில்லை. மறுநாள் அவரே டூமை எடுத்துவிட்டார்.

முற்றம் திரும்பி வந்தது, பத்துக்குப் பன்னிரண்டாக. ஆறு வீட்டுச் சமையலறைகளும் பின்புறம் ஒரே நடைவழியில் திறக்கின்றன. மாடிக்கு ஏறிய முடுக்கு என்று லாத்தா (அக்கா) அதற்குப் பெயர் வைத்தார். மூன்று தளத்துக்கும் தனிப் படி உண்டு. சாச்சி குழம்புச் சட்டியோடு வாசலுக்கு வராமலே எங்கள் வீட்டுக்கு வரலாம்.

திண்ணைதான் கடைசி வரை இழுத்தது. தெருவை ஒட்டித் திண்ணை வரைந்தால், முன்பக்கத் திறந்தவெளியில் கட்டுமானம் என்று திருப்பிவிடுவார்கள், எங்களுக்கும் திருப்பினார்கள். தரைத்தளம் முழுவதையும் கார் நிறுத்தத்துக்குக் கொடுத்தால், முந்நூறு ஆண்டு முகத்தோடு முகம் பார்த்த தெருவில் எங்கள் கட்டடம் மட்டும் இருட்டுக் குகையாக நிற்கும். கார்களைப் பின்னுக்குத் தள்ளி, விட வேண்டிய இடத்தை விட்டு, அதற்கு உள்ளே வரும் தூண் வரிசைக்கு நடுவே பதினெட்டு அங்குல உயரத்தில் திண்ணையை வைத்தோம். தெருவிலிருந்து ஐந்தடி உள்ளே போய்விட்டது. ஆனாலும் திண்ணைதான். இன்னொன்று: பக்கச் சுவரை ஒட்டிக் கட்டலாம் என்று பக்கத்து வீட்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தொடர் கட்டடப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடத்துக்குத்தான் அந்தச் சலுகை. உங்கள் சர்வே எண் அதில் வருகிறதா என்று முதலில் கேளுங்கள்.

கடலோர ஒழுங்குமுறைக்கு, உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் வருகிறோமா என்பதைக் கைப்பேசி வரைபடத்தில் அளந்து நம்ப வேண்டாம். அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் பார்த்தோம், வெளியே இருந்தோம், அத்தோடு முடிந்தது. எட்டு வீடு, பத்தாயிரம் சதுர அடி என்ற வரம்புக்குள் இருந்ததால் உள்ளாட்சியிலேயே அனுமதி என்பதும் நிம்மதி.

உப்பு பற்றி ஒரு வார்த்தை. எங்கள் போர்வெல் தண்ணீரைச் சோதித்ததில், கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு இந்தியத் தரம் அனுமதிக்கும் லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடைப் போல மூன்று மடங்கு இருந்தது. கலவைக்கும் நீராற்றவும் லாரித் தண்ணீர் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டோம். கம்பியை மூடும் கான்கிரீட் (கவர்) 45 மில்லிமீட்டர், கான்கிரீட்டின் வலிமைத் தரம் எம்30. கடற்கரையில் இதில் பேரம் பேசும் மேஸ்திரியை அன்றே அனுப்பிவிடுங்கள்.

பழைய வீட்டை இறக்கியபோது முற்றத்து மேற்குச் சுவரில் காரை பெயர்ந்தது. உள்ளே முழுவதும் பவளக் கல். ஒரு கல்லில் மூளை மடிப்பு போல நெளிநெளியான கோடுகள், இன்னொன்றில் தேன்கூடு போல நட்சத்திரக் கண்கள். சுண்ணாம்பு அவற்றின் குழிகளுக்குள் இறங்கிக் கல்லோடு கல்லாகியிருந்தது. லாத்தா விரலால் அந்தக் கோடுகளைத் தடவிக்கொண்டே இருந்தார். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி வெட்டி எடுத்த கல் இது. அப்படி வெட்டி வெட்டித்தான் எங்கள் கரைக்கு எதிரே இருந்த பூவரசன்பட்டித் தீவு கடலுக்குள் போனது. 2001 முதல் பவளம் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. இடித்த கல்லை லாரியில் ஏற்றி விற்கச் சொல்லி இரண்டு பேர் வந்தார்கள். வேண்டாம் என்றோம். வனத்துறைக்கு எழுதிவிட்டு, அந்தச் சுவரை நின்ற இடத்திலேயே விடுவது என்று முடிவெடுத்து, வரைபடத்தில் பாரம் தாங்காத சுவராகக் காட்டினோம். புதிய முற்றத்தின் மேற்குப் பக்கம் அதுதான். பூச்சு சிப்பிச் சுண்ணாம்பில் மட்டும். சிமென்ட் பூசினால் உப்பு உள்ளேயே தங்கிக் கல்லை அரித்துவிடும்.

இப்போது அதற்கு இருபுறமும் சவுக்குக் கட்டை முட்டுக் கொடுத்து, தார்ப்பாய் போர்த்தியிருக்கிறோம். திங்கட்கிழமை அஸ்திவாரம் தோண்ட பொக்லைன் வருகிறது. சுவரிலிருந்து ஆறடிக்குள் இயந்திரம் வரக்கூடாது, மண்வெட்டிதான் என்று சுண்ணாம்பில் கோடு போட்டுவிட்டு வந்தேன்.