ஸ்டீபன் கிங் சொன்னதும் செட்டிநாட்டுக் கதையும்

கதை எழுதப் பழக விரும்பும் நம் செட்டிநாட்டுப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது, ஸ்டீபன் கிங்கின் 'ஆன் ரைட்டிங்'. 2000-இல் வந்த புத்தகம். பேய்க்கதைக்காரர்தானே என்று ஒதுக்கிவிடாதீர்கள். பாதி அவருடைய வாழ்க்கை, மீதி எழுத்துத் தொழில். அந்தத் தொழில் பகுதியை அப்படியே விழுங்காமல், ஒரு கதையை எழுதிக்கொண்டே படித்தால்தான் எது நமக்கு ஒட்டும், எது ஒட்டாது என்று தெரியும்.

உதாரணமாக, தினமும் 2000 சொல் எழுதுவேன் என்கிறார். புதிதாக வருகிறவர்களுக்கு 1000, வாரத்தில் ஒருநாள் லீவு. ஆங்கிலத்தில் இரண்டு மூன்று சொல்லாக வருவதை நாம் 'வீட்டுக்குள்ளேயே' என்று ஒன்றாக முடித்துவிடுகிறோம், அதனால் 500 வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறவர்களுக்கு அதுவே அதிகம்.

கதைத்திட்டம் போடாதே, ஒரு சூழ்நிலையைப் பிடி, அதில் ஆட்களை விட்டுவிட்டு என்ன செய்கிறார்கள் என்று பார் என்பது அவர் கட்சி. நமக்குச் சூழ்நிலைக்கா பஞ்சம்? பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் விற்க முடியும் என்கிற ஒரு பெரிய வீடு, ஒருத்தர் மட்டும் போடமாட்டேன் என்கிறார். போதும், தொடங்கலாம்.

தொடங்கியதும் நம்மில் முக்கால்வாசிப் பேர் வழுக்குகிற இடம் வந்துவிடும். முகப்பு, வளவு என்கிற நடுமுற்றம், அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டு, பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடி டைல்ஸ், முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவர் என்று ஒரு பக்கம் ஓடும். எல்லாம் உண்மைதான், ஆனால் பெரிய வீடுகளைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வரும் கானாடுகாத்தானில் கைடு சொல்வதும் இதைத்தான். வர்ணனை எழுதுகிறவர் மனசில் தொடங்கி வாசகர் மனசில் முடியவேண்டும், பொறுக்கியெடுத்த சில விவரம் போதும் என்கிறார் கிங். எந்தச் சில? அந்த வீட்டில் பங்குக்காக வந்து நிற்கிறவன் தேக்குத் தூணைப் பார்க்கமாட்டான், தன் அறைக் கதவில் பூட்டு மாறியிருக்கிறதா என்று பார்ப்பான். கூட்டிப் பெருக்குகிற அம்மாவுக்குத் தெரிந்தது, மழை பெய்தால் வளவில் எந்த மூலையில் தண்ணீர் நிற்கும் என்பது. பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடைத் தொழில் செய்யப் போன ஐயாக்களைப் பற்றி எழுதுகிறவர்களுக்கும் இதேதான்: மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று கடை ஆட்களைப் பற்றித் திரட்டியதையெல்லாம் கதையில் கொட்டவேண்டாம், பின்னால் இருக்கட்டும்.

வினைக்கு முன்னால் 'கோபமாக', 'சோகமாக' என்று ஒட்டுவதை அவருக்குக் கண்டாலே ஆகாது. இந்த விஷயத்தில் நமக்கு அவரைவிட வசதி அதிகம். "அண்ணே, நீங்க பாத்து முடிவு பண்ணுங்க" என்று பேசிக்கொண்டிருந்த தம்பி, "சாவிய வை" என்றால் முடிந்தது, அங்கே 'கோபமாக' எதற்கு? இன்னும் கூர்மையாக வேண்டுமா, தம்பியை எப்போதும் 'நீ' என்கிற அண்ணன் திடீரென்று "நீங்க சொன்னாச் சரிதான்" என்று சொல்லட்டும்.

முடித்த கதையை ஆறு வாரமாவது கண்ணில் படாமல் வை என்கிறார். இது கஷ்டம், அதுவும் போட்டிக்குக் கடைசித் தேதி நெருங்கினால் ரொம்பக் கஷ்டம். முடிந்த மட்டும் வையுங்கள். அப்புறம் அதை முதலில் யாரிடம் காட்டுவது? கிங்குக்கு அவர் மனைவி தபிதா. குப்பைக்கூடையில் அவர் போட்ட 'கேரி' நாவலின் பக்கங்களை எடுத்துப் படித்துவிட்டு, எழுதி முடி என்றவர் அவர்தான். நமக்கு, பாராட்டாத ஒருத்தர் கிடைத்தால் நல்லது. எங்கள் அப்பத்தாவுக்கு வாசித்துக்காட்டுவேன். அலுத்துப்போனால் பால்காரர் வந்தாச்சா என்று கேட்டுவிடும். அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்வேன்.

கடைசியாக வெட்டு. பள்ளிக்கூட நாளில் அவருடைய கதையைத் திருப்பி அனுப்பிய ஒரு பத்திரிகை ஆசிரியர் எழுதிக்கொடுத்த கணக்கு அது: இரண்டாம் வரைவு என்பது முதல் வரைவில் 10 சதவீதம் குறைவு. 4000 சொல் கதை 3600-க்கு வரவேண்டும். வெட்டுவதற்கு முன் பழைய கோப்பைத் தனியாகச் சேமித்துவிட்டால் கை நடுங்காது. எனக்குப் பெரும்பாலும் முதல் பத்தியும் வீட்டு வர்ணனையும் போனாலே அந்த 400 கிடைத்துவிடுகிறது.