ஒலுவிலுக்குப் போனால் வடக்குப் பக்கம் நடந்து பாருங்கள்

ஒலுவில் இலங்கையின் கிழக்கே, அம்பாறை மாவட்டத்துக் கடற்கரை ஊர். மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏறினால் களுவாஞ்சிக்குடி, கல்முனை, காரைதீவு, நிந்தவூர் என்று ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே வரும். எந்த ஊர் எங்கே முடிகிறது என்பதைக் கடைப் பெயர்ப்பலகை பார்த்துத்தான் சொல்ல முடியும். நிந்தவூர் தாண்டிக் களியோடைப் பாலத்தை நெருங்கும்போது வயல் விரிகிறது. இந்தப் பக்கத்து வேளாண்மைக்குப் பெரும்பாலும் கல்லோயாத் தண்ணீர்தான். நம்மவர்கள் பட்டிப்பளை ஆறு என்பது அதைத்தான். 1949இல் இங்கினியாகலையில் அதற்கு அணை கட்ட வந்தது மொரிசன் நட்சன் என்ற அமெரிக்கக் கம்பெனி. அமெரிக்காவின் ஹூவர் அணையைக் கட்டிய கம்பெனிகளின் கூட்டிலும் அது இருந்தது. ஆக, கடல் கடந்து வரும் கம்பெனிகள் அம்பாறைக்குப் புதிதல்ல. (அணையோடு வந்த குடியேற்றக் கதை தனி. அதைத் தொட்டால் இந்தப் பதிவு முடியாது.) வயலும் கொஞ்சம் மின்சாரமும் கிடைத்தன, சரி. ஆனால் எந்த அணையும் தண்ணீரோடு மணலையும் பிடித்து வைத்துக்கொள்ளும். கடற்கரைக்குப் போய்ச் சேர வேண்டிய மணல் அது.

நான் பார்க்கப் போனது ஒலுவில் துறைமுகத்தை. துறைமுக அமைச்சராக இருந்த எம்.எச்.எம். அஷ்ரப்பின் கனவு அது. 2000ஆம் ஆண்டு ஹெலிகொப்டர் விபத்தில் அவர் இறந்துபோனார். பிறகு டென்மார்க்கின் கடனுதவியில், சுமார் 4.6 கோடி யூரோவில், 2008இல் வேலை தொடங்கி 2013இல் திறந்தார்கள். தென்கிழக்கின் சரக்கு இங்கிருந்தே கப்பலேறும், வெளிநாட்டுச் சரக்கு இங்கேயே வந்து இறங்கும் என்றெல்லாம் அப்போது பேச்சு. வணிகக் கப்பல்கள் வந்து போகும் இடமாக அது ஆகவே இல்லை. தன் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து எடுக்கிற நாடு டென்மார்க். காற்றுக்குப் பஞ்சமில்லாத நமக்கு அவர்களிடமிருந்து வந்து சேர்ந்தது துறைமுகத்தின் கருங்கல் அலைத்தடுப்புச் சுவர் என்பதை நினைத்துச் சிரிப்புத்தான் வந்தது.

ஒலுவிலில் இறங்குகிறவர்கள் வெளிச்சவீட்டோடு படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் வடக்கே, அட்டப்பள்ளம் நிந்தவூர்ப் பக்கமாக, கரையோரம் நடந்து பாருங்கள். தென்னைகள் வேர் தெரியச் சரிந்து கிடக்கின்றன. வேரிடுக்கில் நீல நைலோன் வலைத்துண்டும் உடைந்த சிமெந்துக் கட்டும் சிக்கியிருக்கின்றன. ஏதோ ஒரு மீனவர் வாடியின் (கரையோரக் கொட்டிலின்) தரையாக இருந்திருக்க வேண்டும். கடல் மேலும் உள்ளே வராமலிருக்கப் பாறாங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். கல் முடிகிற இடத்துக்கு அப்பால் கடல் மறுபடி கடித்திருக்கிறது. துறைமுகத்துக்குத் தெற்கே, பாலமுனைப் பக்கம் போனால் நேர்மாறு: முன்பு இல்லாத மணல் மேடு.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. இந்தக் கரையில் அலை சாய்வாக வந்து மோதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே போகும். கடலுக்குள் நீட்டிய அலைத்தடுப்புச் சுவர் அந்த ஓட்டத்தை மறித்துவிட்டது. தெற்கிலிருந்து வந்த மணல் அந்தப் பக்கமே குவிகிறது, மிச்சம் துறைமுக வாயை அடைக்கிறது. வடக்கே அலை மட்டும் போகிறது, மணல் போவதில்லை. இருப்பதையும் அது அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. வாயைத் தோண்டத் தோண்ட மறுபடி தூர்கிறது.

வள்ளத்து எஞ்சினைப் பிரித்து வைத்துத் துடைத்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். (இங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்.) "காக்கா, போட்டை உள்ளுக்குக் கொண்டுவர ஏலாதா?"

"வாய்க்குள்ள மண் நிரம்பினா எப்பிடித் தம்பி வாற? பெரிய போட்காரன் வேற துறைக்குப் போறான். நாங்க எங்க போற?"

அவருடைய எஞ்சின் ஜப்பான் சாமான். பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவார்கள். 2022இல் நாட்டில் டொலர் இல்லை, அந்த நேரம் பார்த்து உக்ரைன் போரால் உலகச் சந்தையில் எண்ணெய் விலையும் ஏறியது. ஓகஸ்டில் ஒரு லீட்டர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாய். அதைப் பற்றிக் கேட்டதும் துணியைக் கீழே வைத்தார். "அப்ப மீன் இருந்திச்சு. போறதுக்குத்தான் எண்ணெய் இல்ல. எண்ணெய் வந்த பொறகு, புடிக்கிற மீன் எண்ணெய்க் காசுக்கே போயிட்டு."

அணை, துறைமுகம், மண்ணெண்ணெய் எதையும் அவர் தீர்மானிக்கவில்லை. ஆனால் மூன்றுக்குமான கணக்கு அவருடைய வள்ளத்தில்தான் வந்து விழுகிறது. அபிவிருத்தி என்று யாராவது மேடையில் பேசினால் எனக்கு இனி அந்த எண்ணெய்த் துணிதான் நினைவுக்கு வரும்.

வெயில் தாங்காமல் சந்திக்கு வந்து ஒரு கடையில் பிளேன்டீ குடித்தேன். தட்டில் டின் மீன் அடுக்கியிருந்தது. ஒன்றைத் திருப்பிப் பார்த்தால் சீனாத் தயாரிப்பு. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இதை யார் வாங்குகிறார்கள் என்று கேட்டேன்.

"மாரில கடல் கொந்தளிச்சா எல்லாரும்தான்" என்றார் கடைக்காரர். "கடலுக்குப் போறவன் வீட்டுக்கும் இதுதான்."

போக நினைப்பவர்கள் ஏப்ரலுக்கும் செப்டெம்பருக்கும் இடையில் போங்கள், கடல் சாந்தமாக இருக்கும். பிரதான வீதியில் இறங்கி ஓட்டோ பிடித்தால் கரை பக்கத்தில்தான். குடை, தண்ணீர் கட்டாயம். வடக்குப் பக்கம் நிழல் தர இப்போது அதிகம் தென்னை இல்லை.