பிளைவுட்டை இரும்புக் குழாயில் முடுக்கும்போது பிடி விடுவது எங்கே?

18 மி.மீ. பிளைவுட்டை, 2 மி.மீ. சுவர் கொண்ட 40 மி.மீ. சதுரக் குழாய்ச் சட்டத்தில் ஸ்க்ரூ போட்டுப் பொருத்துவதாக வைத்துக்கொள்வோம். இந்த இணைப்பில் ஸ்க்ரூவே அறுந்துபோவது குறைவு. நேராக இழுத்தால் தகட்டில் (அதாவது குழாயின் சுவரில்) பிடித்திருக்கும் மரை பிய்ந்து வரும், அல்லது தலை பிளைவுட்டைத் துளைத்துக்கொண்டு போய்விடும். பக்கவாட்டில் இழுத்தால் ஸ்க்ரூ சாய்ந்து, பிளைவுட்டில் உள்ள துளை நீண்டுவிடும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது தகட்டின் தடிமனைத்தான்.

மெல்லிய இரும்புத் தகட்டுக்கான ஏஐஎஸ்ஐ எஸ்100 என்ற அமெரிக்க வடிவமைப்பு விதியில் பிடுங்கு வலிமைக்கு, அதாவது மரையைத் தகட்டிலிருந்து பிய்க்கத் தேவையான விசைக்கு, எளிய கணக்கு உண்டு: 0.85 × தகட்டுத் தடிமன் × ஸ்க்ரூ விட்டம் × இரும்பின் இழுவலிமை. 5.5 மி.மீ. ஸ்க்ரூ, 2 மி.மீ. தகடு, 350 மெகாபாஸ்கல் இரும்பு என்றால் சுமார் 3,270 நியூட்டன். அதை 3 ஆல் வகுத்து, ஒரு ஸ்க்ரூவுக்கு 110 கிலோ அளவில் நிறுத்திக்கொள்வது நல்லது. தகடு 1 மி.மீ. ஆனால் இதில் பாதிதான் மிஞ்சும். சாய்வை எதிர்க்கும் வலிமை அதைவிட வேகமாகச் சரிகிறது; தடிமன் பாதியானால் அது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் நிற்கும். மெல்லிய குழாயை வாங்கிவிட்டுத் தடித்த ஸ்க்ரூவால் ஈடுகட்ட முடியாது.

அடுத்தது, பலரும் கவனிக்காமல் விடும் இடைவெளி. தானே துளையிடும் ஸ்க்ரூவின் முனை இரும்பைத் தொட்டதும் மெதுவாகத்தான் இறங்கும். அதற்குள் மரை பிளைவுட்டைக் கவ்வி, ஒரு சுற்றுக்கு ஒரு மரை வீதம் பலகையை மேலே ஏற்றிவிடும். பிறகு மரை இரும்பிலும் ஏறினால், இரண்டும் ஒரே வேகத்தில் நகர்வதால் அந்த இடைவெளி மூடவே மூடாது. எவ்வளவு முடுக்கினாலும் பயனில்லை. இடைவெளி உள்ள இணைப்பில் ஸ்க்ரூ வளையத் தொடங்கும். மேலே நடக்க நடக்கப் பலகை கிறீச்சிடும்.

இதற்கு மருந்து பிளைவுட்டில் மட்டும் 6 மி.மீ. துளை. 5.5 மி.மீ. ஸ்க்ரூ அதில் மரை பிடிக்காமல் வழுக்கி இறங்க வேண்டும். முனைக்கு மேல் இரு பக்கமும் சிறகு வைத்த ஸ்க்ரூ, பலகைத் துளையை அகலமாக்கி இந்த வேலையைத் தானே செய்யும்தான். ஆனால் சிறகு இரும்பில் மோதி ஒடிய வேண்டும். மெல்லிய தகட்டில் ஒடியாமல் இரும்புத் துளையையும் அகலமாக்கிவிடும், மரைக்குப் பிடிக்க ஒன்றும் இருக்காது. 2 மி.மீ. குழாய்க்கு நாங்கள் முன்துளையைத்தான் நம்புகிறோம். துளையிட்ட பின் தூளைத் துடைத்துவிட்டு, பலகையைக் கிளாம்ப் போட்டு இறுக்கி வைத்தே முடுக்குங்கள்.

நீளம்: 18 மி.மீ. பலகை, 2 மி.மீ. தகடு, தகட்டுக்கு அப்பால் முனையும் மூன்று முழு மரையும். 38 மி.மீ. போதும்.

வேகம் சுமார் 1,800 ஆர்.பி.எம். அழுத்தம் சீராக இருக்கட்டும். அளவுக்கு மீறி அமுக்கினால் முனை சூடேறி மழுங்கும். இம்பாக்ட் டிரைவர் இங்கே வேண்டாம். தகட்டில் மரை அழியும் கணத்தை அதில் கையால் உணர முடியாது. கிளட்ச் உள்ள டிரில்லில், ஒரு துண்டுப் பலகையையும் அதே குழாயின் மிச்சத்தையும் வைத்து, மரை அழியும்வரை வேண்டுமென்றே முடுக்கிப் பாருங்கள். அப்போது கிளட்ச் வளையம் காட்டும் எண்ணுக்கு இரண்டு படி கீழே வைத்து வேலையைத் தொடங்கலாம். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் ஆகும்; தவிர்க்காதீர்கள்.

தலை பலகையின் மேற்பரப்போடு சமமாக நின்றால் போதும். மேல் வெனீரைக் கிழித்துக்கொண்டு உள்ளே போன தலை, தடிமன் குறைந்த பலகையைத்தான் பிடிக்கிறது. மேலே தட்டையாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லாத இடங்களில் அகலத் தலை போடுங்கள். துளைத்துப் போவதற்கான எதிர்ப்பு தலை விட்டத்தின் வர்க்கத்தை ஒட்டி ஏறும்: 8 மி.மீ. தலைக்குப் பதில் 12 மி.மீ. என்றால் இரு மடங்குக்கும் மேல்.

இரண்டு பலகைகள் ஒரே குழாயில் சந்திக்கும் இடத்தில் ஒவ்வொன்றுக்கும் 20 மி.மீ. தான் கிடைக்கும். பலகை விளிம்பிலிருந்து 12 மி.மீ. தள்ளி ஸ்க்ரூ போட்டால் குழாயின் ஓரத்துக்கு 8 மி.மீ. மிஞ்சும். இன்னும் ஓரத்துக்குப் போனால் முனை பக்கச் சுவரில் இறங்கி, ஸ்க்ரூ அங்கேயே முறியும். எதிரெதிர் ஸ்க்ரூக்களை நேராக வைக்காமல் மாற்றி மாற்றி வையுங்கள். ஓரங்களில் 150 மி.மீ., நடுவில் 300 மி.மீ. இடைவெளி எங்களுக்குச் சரியாக வந்திருக்கிறது.

கருப்பு ஜிப்சம் ஸ்க்ரூவை இதற்கு எடுக்கவே கூடாது, எளிதில் நொறுங்கும். செம்பு கலந்த மருந்து ஏற்றிய பிளைவுட் என்றால் சாதாரண துத்தநாகப் பூச்சு சீக்கிரம் அரிக்கும், துருப்பிடிக்காத எஃகு வேண்டும்.

மரை அழிந்த துளையில் அதே அளவு ஸ்க்ரூவைத் திரும்பப் போடாதீர்கள். 6.3 மி.மீ. ஸ்க்ரூவுக்கு மாறுங்கள், அல்லது 20 மி.மீ. தள்ளிப் புதிதாகப் போடுங்கள். அடிக்கடி கழற்றி மாட்ட வேண்டிய பலகைக்கு, குழாயில் ரிவெட் நட் (துளைக்குள் ரிவெட் போல இறுகி நிற்கும் மரையுள்ள நட்) பதித்துப் போல்ட் போடுவதே சரி.