அப்பாவுக்கு ஃபோன் போடும் முன்

மார்த்தாண்டம், குளச்சல் பக்கத்து ஆசிரியர்களுக்கு: பத்தாம் வகுப்புப் பையன் இன்னொரு பையனை அடித்துவிட்டால் உடனே அப்பாவைக் கூப்பிடுகிறோம். அவர் கைநீட்டுகிற ஆள் என்றால் அன்று ராத்திரி பெல்ட். மறுநாள் அந்த அடி வகுப்பில் இன்னொருவனுக்கு.

தினமும் வீட்டில் சண்டை பார்க்கிற பிள்ளை, யாராவது சும்மா பார்த்தாலே முறைப்பதாக எடுத்துக்கொண்டு முந்திக்கொண்டு அடிக்கும். (எல்லாப் பிள்ளைகளும் அப்படி ஆவதில்லை. சிலர் பேச்சே அடங்கிப் போவார்கள், அவர்களை யார் கவனிக்கிறோம்?)

அடித்த பையனைத் தனியாக உட்கார வைத்து, "ஏன்டே அடிச்ச?" என்று தொடங்காமல், "ராத்திரி வீட்டுல எப்படி இருக்கும்?" என்று கேளுங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்ல வேண்டி வரலாம். அம்மாவும் அடி வாங்கினால் பெண்கள் உதவி எண் 181. 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, போலீஸ் வழக்கு இல்லாமலே மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். மீறினால் ஓராண்டு வரை சிறை.